மணிச் சத்தத்துக்கு விழுகிற குடும்பம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் கை போகிறது, ஆனால் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் பதிவேடு எழுதிய கை இது, உள்ளதைத்தான் எழுதும். இந்தக் குடும்பத்தில் பூரண சௌக்கியமாக இருப்பவர் ஒரே ஒருவர், அவர் உன் அப்பா, அதை அவரே தினம் இரண்டு வேளை அறிவிக்கிறார். நான் பாதி சௌக்கியம், பாதி மாத்திரை. உன் சித்திக்கு உடம்பு தேறிவிட்டது, வாய் அதைவிட நன்றாகத் தேறிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்டால் அந்தக் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவாய். ஒரு மாதத்தில் நான் அனுப்பிய பதினேழு செய்திக்கும் பதினேழு கட்டைவிரல் வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போனாயா என்றாலும் கட்டைவிரல், எப்போது போவாய் என்றாலும் கட்டைவிரல். உன்னைப் பெற்றபோது உனக்கு இரண்டுதான் இருந்தது, நான் எண்ணிப் பார்த்தேன். சரி, விரலால் பதில் சொல்ல முடியாத மாதிரி நீளமாக ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஏன் இப்போதெல்லாம் போன் செய்வதில்லை, என்மேல் என்ன கோபம் என்று அப்பாவிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை, காரணம் வேறு, அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

உன் சித்திக்கு நாடகக்காரி என்று பட்டம் கொடுத்தது நான்தான் என்பது உனக்குத் தெரியும். அவளுக்குப் பதினைந்து வயது, அன்றைக்குத் துணி துவைக்கிற முறை அவளுடையது, வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் அழைப்பு மணி அடித்தது, வாளியோடு தொபுக்கென்று விழுந்தாள். ஒரு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து முழித்தாள். துணியெல்லாம் நான்தான் துவைத்தேன். அடுத்த வருஷம் போன் அடித்தபோது ஒரு தடவை. இந்த முறை எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து அவள் காதருகே கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்தேன், கண்ணைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான், நான் பெரிய வைத்தியச்சி ஆகிவிட்டேன். அந்தத் தட்டும் கரண்டியும் அதற்கென்றே அலமாரியில் தனியாக இருந்தன, அந்தத் தட்டில் யாராவது சாப்பிட எடுத்தால் நான் சத்தம் போடுவேன். அவளுக்குக் கல்யாணமாகிப் போனபோது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே அதைச் சுற்றி வைத்து அனுப்பினேன், மாப்பிள்ளைக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இடையில் ஒரு டாக்டர் அவளுக்கு வலிப்பு என்று சொல்லி ஒன்பது வருஷம் வலிப்பு மாத்திரை கொடுத்தார். அவராவது ஏதோ வியாதி என்று நம்பினார், நான் அதையும் நம்பவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததை உனக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தொண்டை வலிக்கு டாக்டரிடம் போகாமல் மருந்துக் கடையில் தானே கேட்டு ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கி மூன்று நாளாக விழுங்கிக்கொண்டிருந்தாள், அது ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வேறு. மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்து கிடந்தாள், தலைமாட்டில் போன் அலறியது, எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஆரம்பிச்சுட்டாய்யா நாடகக்காரி என்று சொல்லிக்கொண்டே தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனேன். தட்டை எடுத்து வந்து அடித்தேன். ஐந்து தடவை அடித்தேன். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு என்னவோ ஏதோ என்று ஓடி வந்த கீழ்வீட்டு பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைத் தள்ளிவிட்டு அவள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள், அழுத்திக்கொண்டே “தட்டக் கீழ போடுங்கம்மா, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க” என்று கத்தினாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கரண்ட் வைத்துத்தான் அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அழுத்தியதில் ஒரு விலா எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. அந்தப் பெண் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் உனக்கு இன்று சித்தி இல்லை. மூன்றாம் நாள் கண்விழித்து என்னைப் பார்த்தவள் முதலில் கேட்டது, “அக்கா, தட்டு எடுத்துட்டு வரலையா?” என்றுதான். வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்புக்கென்றே ஒரு டாக்டர் பெண் இருக்கிறாள், உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எங்களை உட்காரவைத்து இது லாங் க்யூடி என்றாள். உன் அப்பா உடனே எழுந்து வெளியே போய்விட்டார். எங்கே போனார் என்று பார்த்தால் மருந்து வாங்குகிற இடத்தில் இருந்த நீளமான க்யூவில் நிற்கிறார், டாக்டர் அதைத்தான் சொல்கிறாள், இடம் பிடிக்கலாம் என்று நினைத்தாராம். அவரைத் திரும்ப இழுத்து வந்து உட்காரவைத்த பிறகு அவள் நிதானமாக விளக்கினாள். இதயம் ஒவ்வொரு முறை துடித்த பிறகும் அடுத்த துடிப்புக்குத் தன் மின்சாரத்தைச் சரிசெய்து தயாராக வேண்டுமாம், நம் குடும்பத்தில் அந்தத் தயாராகிற நேரம் இருக்கவேண்டியதைவிட நீளம். சாதாரணமாக ஒன்றும் தெரியாது, நன்றாகச் சாப்பிடலாம், தூங்கலாம், அக்காவோடு சண்டை போடலாம். ஆனால் அது தயாராகி முடிப்பதற்குள் ஒரு திடீர் சத்தம் ஆளைத் தூக்கிப் போட்டால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டுத் தாறுமாறாக அடித்துக்கொள்ளும், மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் விழுந்துவிடுவார். இதில் பல வகை உண்டாம், சிலருக்கு நீச்சலிலும் ஓட்டத்திலும் வரும், நம் வகைக்கு மணிதான் எமன், அலாரம், போன், அழைப்பு மணி. சில மருந்துகள் அந்த நேரத்தை இன்னும் இழுத்துவிடும், சித்தி விழுங்கிய ஆன்டிபயாட்டிக் அதில் ஒன்று. வாந்தி பேதியில் உடம்பிலிருக்கும் பொட்டாசியம் குறைந்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் அதுவே சரியாகிவிடும், அதனால்தான் பார்ப்பவர்களுக்கு நடிப்பாகத் தெரியும் என்றாள். அப்படியென்றால் தட்டு அடித்து எழுப்பியது என்று நான் வாயைக் கொடுத்தேன். “அவங்க தானா எழுந்தாங்கம்மா, தட்டு இன்னொரு தடவை கிளப்பி விடாம இருந்ததே அதிர்ஷ்டம்” என்றாள். என் முப்பது வருஷ வைத்தியத் தொழில் அந்த நாற்காலியிலேயே முடிந்துபோனது.

பிறகு குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று போனவர்கள் உண்டா என்று கேட்டாள். உன் பெரிய மாமாவைச் சொன்னேன். பத்தொன்பது வயதில், காலையில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது, அவன் அணைக்கவில்லை, போய்ப் பார்த்தால் போய்விட்டிருந்தான். கெட்ட கனவு கண்டு பயந்திருப்பான் என்றார்கள் சொந்தக்காரர்கள். உன் தாத்தா மட்டும் இந்தக் கடிகாரம்தான் என் பிள்ளையைக் கொன்றது என்று அதைக் காலால் மிதித்து நொறுக்கினார். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் அவரைச் சமாதானப்படுத்தினோம். வீட்டில் ஒரு ஆள்தான் சரியாகச் சொன்னார், அவருக்குத்தான் நாங்கள் தூக்க மாத்திரை கொடுத்தோம்.

இது எப்படிப் பரம்பரையில் இறங்குகிறது என்று அந்தப் பெண் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயரில் ஒரு எழுத்தை நான் ஒருமுறை தப்பாக எழுதிவிட்டேன், அதைப் பார்த்து மார்க் பட்டியல், மார்க் பட்டியலைப் பார்த்து மாற்றுச் சான்றிதழ், கடைசியில் அவள் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அந்தத் தப்பு போய்விட்டது. நம் மரபணுவிலும் ஒரே ஓர் எழுத்துதான் தப்பு. அம்மாவிடமோ அப்பாவிடமோ அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பெண் கணக்கெல்லாம் இல்லை. ஆகவே சித்தியின் கூடப்பிறந்த என்னையும் ரத்தம் கொடுக்கச் சொன்னாள். நான் சிரித்தேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை, முப்பத்தோரு வருஷம், என் மேசைமேல் இருந்த சுவிட்சை அமுக்கிப் பள்ளிக்கூடத்துக்கே மணி அடித்தவள் நான், மணிச் சத்தத்துக்கு விழுகிற நோய் எனக்கு இருந்தால் முதல் பீரியடிலேயே போய்ச் சேர்ந்திருப்பேனே என்று கேட்டேன். ஈசிஜியும் சரியாகத்தான் இருந்தது, மூக்கு நுனியில் கர்வத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. எனக்கும் இருக்கிறது. அதே எழுத்து, அதே தப்பு. எப்படி இத்தனை வருஷம் தெரியாமல் போனது என்று கேட்டேன். பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றுமே தெரியாமல் போகும், ஈசிஜியிலும் சில சமயம் காட்டாது என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனா மணி அடிக்கிறவங்களுக்கு அது திடீர் சத்தம் இல்லையேம்மா, எப்ப அடிக்கும்னு உங்க கைக்குத் தெரியுமே” என்றாள்.

வைத்தியம் என்று பார்த்தால் எனக்கு மாத்திரைதான், இதயத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற மாத்திரை, காலையும் மாலையும், ஆயுசு முழுக்க, ஒரு வேளை கூடத் தவறக்கூடாது, நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கை கால் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது, மாடி ஏறினால் முன்னைவிடச் சோர்வு, மற்றபடி நான் நானேதான், வாய்க்கு அந்த மாத்திரையால் ஒரு குறையும் இல்லை. சித்திக்கு ஒருமுறை நின்றே போனதால் மாத்திரையோடு நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியும் வைத்திருக்கிறார்கள், துடிப்பு தாறுமாறானால் அதுவே கரண்ட் கொடுத்துச் சரிசெய்யுமாம். அவள் இப்போது ராணி மாதிரி இருக்கிறாள். நான் போனால் “வாங்க, இன்னிக்கு என்ன வசனம் பேசணும்?” என்று கேட்கிறாள். மன்னிப்புக் கேட்டேன், சரியாகக் காதில் விழவில்லை என்று மூன்று தடவை சொல்லவைத்தாள். அந்தத் தட்டில்தான் இப்போது தினமும் சாப்பிடுகிறாளாம், நான் பார்க்கும்படி.

உன் அப்பா கதையைக் கேள். அவருடைய ஈசிஜி சரியாக இருந்தது, ரத்தத்திலும் அந்தத் தப்பு இல்லை, அந்த ஈசிஜி காகிதத்தைக் கண்ணாடி உறை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். “எங்க பரம்பரையில இதெல்லாம் கெடையாது” என்று பால்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கிவிட்டார், இப்போது பார்சல் கொண்டுவருகிறவர்கள் கதவை உடைக்கிற மாதிரி தட்டுகிறார்கள். சத்தம் வரக்கூடாது என்று பூனை நடை நடந்து சமையலறைக்குள் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிடுகிறார், நான் மணிக்கு விழுகிறேனோ இல்லையோ ஒரு நாள் இவருக்கு விழுவேன். எல்லாவற்றுக்கும் மேலே, நான் மாத்திரையை மறந்துவிடக்கூடாது என்று தன் போனில் அலாரம் வைத்தார். அலாரத்துக்குப் பயந்து போடுகிற மாத்திரைக்கு அலாரம். டாக்டரிடம் சொன்னேன், அவள் சிரித்து முடிக்க நேரமானது. இப்போது மெதுவாக ஆரம்பிக்கிற ஏதோ குழல் சத்தமாக மாற்றியிருக்கிறார். மனுஷர் நல்லவர்தான், என்ன செய்வது.

இனி உன்னிடம் வருகிறேன். நீ அப்பாவிடம் சொன்ன சாக்குகள் எல்லாம் என்னிடம் வரிசையாக இருக்கின்றன. வேலைக்குச் சேரும்போது எடுத்த ஈசிஜி நார்மல் என்றாய், என்னுடையதும் நார்மல்தான். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன் என்றாய், உன் பெரிய மாமா ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவன். இல்லாத நோயை ஏன் தேட வேண்டும் என்றாய், தேடாவிட்டால் அது இல்லாமல் போய்விடுமா, பரீட்சை ரிசல்ட்டைப் பார்க்காமல் இருந்தால் பாஸ் ஆகிவிடுவோமா. போன வாரம் அப்பாவிடம் போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னாயாம், ஆபீஸில் தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்தார்கள், கண்ணை இருட்டிக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாய், காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்று. அவர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது, இப்போதும் பயமாக இருக்கிறது, அதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அந்த டாக்டர் பெண் கடைசியாக, உங்கள் மகள் எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாளா என்று கேட்டாள். இல்லை என்று பட்டென்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரே ஒரு தடவை நடித்தாள் என்று, நான் பதிமூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கதையை அவளிடமும் சொன்னேன். பத்தாம் வகுப்பு, கணக்குப் பரீட்சை. நீ வராந்தாவில் மணிக்கு நேர் கீழே நின்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய், ஆபீஸுக்குள்ளிருந்து நான் சுவிட்சை அமுக்கினேன், நீ விழுந்தாய். கணக்கு டீச்சர் ஓடி வந்து கூப்பிட்டார், நான் எட்டிப் பார்த்து, கணக்குப் பரீட்சை என்றால் விழத்தான் செய்வாள், சித்தியின் ரத்தம் என்று சொன்னேன். அங்கே தட்டு இல்லை. அதனால் உள்ளே போய் இன்னொரு முறை நீளமாக மணி அடித்தேன். நீ கண்ணைத் திறந்தாய். தலைமை ஆசிரியையிடம், பார்த்தீர்களா என்று பெருமையாகச் சொல்லிவிட்டு உன் கன்னத்தில் ஒன்று வைத்துப் பரீட்சை எழுத அனுப்பினேன். நாற்பத்தோரு மார்க் வாங்கினாய், அந்த நாற்பத்தொன்றையும் சொல்லிக் காட்டாத விருந்தாளி இல்லை. நான் இந்த இடத்தில் வழக்கம்போலச் சிரித்தேன், டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு தடவை அடிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். இந்தக் கதையை நான் ஆரம்பிக்கும் போதெல்லாம் நீ எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாய். வெட்கப்படுகிறாய் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் நீ “நான் நடிக்கலம்மா” என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது, அதை இங்கே எழுத மாட்டேன். நீ நடிக்கவில்லை, மகளே.

இந்தக் கவரில் மூன்று காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று என் ரிசல்ட்டின் நகல், அதில் எந்த இடத்தில் தப்பு என்று குறித்திருக்கிறது, உன் ரத்தத்தில் அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும், ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை. இரண்டாவது அங்குள்ள டாக்டருக்கு இந்த டாக்டர் பெண் எழுதிய கடிதம், அதைக் கொண்டுபோய் இதயத் துடிப்பைப் பார்க்கிறவரிடம்தான் காட்ட வேண்டும், சளிக்கும் இருமலுக்கும் போகிறவரிடம் அல்ல. மூன்றாவது நம்மைப் போன்றவர்கள் சாப்பிடக் கூடாத மருந்துகளின் பட்டியல், அதைப் பர்ஸில் வைத்துக்கொள், ரிசல்ட் வரும்வரை தொண்டை வலி, வாந்தி, தும்மல் எதற்கும் நீயாக ஒரு மாத்திரை கூட வாங்கி விழுங்காதே, தனியாக ஓடவும் போகாதே. ரத்தத்தில் இருக்கிறது என்று வந்தால் இரண்டு வேளை மாத்திரை, என்னோடு சேர்ந்து நீயும் போட்டுக்கொள்ளப் போகிறாய், அவ்வளவுதான். இல்லை என்று வந்தால் ஃபிரிட்ஜில் அப்பாவின் காகிதத்துக்குப் பக்கத்தில் உன்னுடையதையும் ஒட்டிவைக்கிறோம், இரண்டு பேருமாக என்னைக் கேலி செய்யலாம், வாயைத் திறக்க மாட்டேன்.

இப்போது போன் விஷயம். ரிசல்ட் வந்த நாளிலிருந்து எத்தனையோ முறை போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போயிருக்கிறேன். நான் அமுக்கினால் அங்கே உனக்கு மணி அடிக்கும். நீ தூங்கிக்கொண்டிருக்கலாம், தலைமாட்டில் வைத்திருக்கலாம். உனக்கு மணி அடிக்க என் கை இனி வராது. ஆகவே நீ கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. என் போனைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறேன், அங்கே இங்கே வைத்தால் நீ கூப்பிடுவது தெரியாமல் போய்விடும் என்று கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா கேலி செய்கிறார், செய்யட்டும்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் நெஞ்சு தப்பாமல் துடிக்க வேண்டும், என்னைவிட நல்ல வாய் உனக்கு அமைய வேண்டும். அன்றைக்கு அப்படி விழுந்து எழுந்து போய் நாற்பத்தொன்று வாங்கினாயே, அது நல்ல மார்க், பதிமூன்று வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதல் வேலையாக உன் காலை அலாரத்தை மாற்று, இரண்டாவது வேலையாகப் போய் ரத்தம் கொடு. கட்டைவிரல் அனுப்பாதே.

இப்படிக்கு,
இரண்டாவது தடவையும் மணி அடித்த
உன் அம்மா